பெண்டு நிமிரும் பெங்களூரு

நிலத்தடி நீரை அளவு மீறி உறிஞ்சினால் அரசிடம் அதற்கு ஒரு சொல் இருக்கிறது. ஆளை உறிஞ்சினால்?

பெங்களூரில் 85 சதவீதம் என்ற எண்ணை இரண்டு விதமாகப் படிக்கிறார்கள்.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு கணக்குப் போடுகிறது. ஓராண்டில் எடுக்கத்தக்க நீரில் 70 சதவீதம் வரை எடுத்தால் பாதுகாப்பான பகுதி. 70-இலிருந்து 90 வரை போனால் பாதி அபாயம், 85 விழுவது இங்கேதான்; 90-ஐத் தாண்டினால் அபாயம். 100-ஐயும் தாண்டினால் ‘ஓவர் எக்ஸ்ப்ளாய்ட்டட்’, அதாவது அளவு மீறிச் சுரண்டப்பட்ட பகுதி. பெங்களூரு நகர்ப்புற மாவட்டம் நெடுநாளாக இந்தக் கடைசிப் பட்டியலில்தான் இருக்கிறது. 2024 மார்ச் மாதத் தண்ணீர்த் தட்டுப்பாட்டின்போது, நகரின் சுமார் 14,000 ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வற்றிவிட்டதாக முதல்வர் சித்தராமையா சொன்னார். வற்றிய கிணறுகளுக்கு மன உறுதி போதவில்லை என்று யாரும் குறை சொல்லவில்லை. யோகா வகுப்பும் பரிந்துரைக்கவில்லை.

அதே ஊரில் இன்னொரு 85 உண்டு. ஐ.டி. நிறுவனங்கள் காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடும் அறிக்கையில் ‘யூட்டிலைசேஷன்’ என்று ஒரு வரி இருக்கும். கையில் இருக்கும் ஆட்களில் எத்தனை சதவீதம் பேரின் நேரம் வாடிக்கையாளரிடம் காசாகிறது என்ற கணக்கு அது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இன்ஃபோசிஸில், பயிற்சியாளர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால், 2024-25 இல் அந்த எண் 85-ஐ ஒட்டியே இருந்தது. பங்குச்சந்தைக்காரர்களுக்கு அது நல்ல செய்தி. நிலத்தடி நீர்க்காரர்களின் அளவுகோலை வைத்தால் பாதி அபாயம்.

ஒப்பீடு முழுக்க நியாயமில்லைதான். கணக்கில் எழுதிய மணியை, வேலைக்குக் கிடைக்கும் மணியால் வகுத்து வருவது யூட்டிலைசேஷன். ஆளின் தெம்பை அது அளப்பதில்லை. இரவு பதினொரு மணிக்கு அமெரிக்காக்காரரோடு பேசிய நேரம் வகுக்கும் எண்ணிலும் வராமல் வகுபடும் எண்ணிலும் வராமல் நழுவிப் போகலாம். இங்கேதான் விஷயம் இருக்கிறது. நீருக்கு 100-க்கு மேல் எழுத ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு அப்படி ஒரு கட்டமே அச்சிடப்படவில்லை.

‘ஆங்க’ என்றால் யார்?

தமிழில் இந்த நிலைமையைச் சொல்ல வார்த்தைப் பஞ்சம் கிடையாது. களைப்பு, சோர்வு, அசதி, அலுப்பு, அயர்வு, தளர்ச்சி, ஆயாசம், சடைவு என்று நீண்டுகொண்டே போகும். வெயிலில் நடந்து வந்தவருக்குக் களைப்பு. காய்ச்சல் விட்டவருக்கு அசதி. ஒரே நாற்காலியில் பத்து வருடம் உட்கார்ந்தவருக்கு அலுப்பு. தென் மாவட்டங்களில் அலுப்பு என்றால் உடம்பு வலியும்தான். நாட்டு மருந்துக் கடையில் அலுப்பு மருந்து என்று கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள்.

இவற்றுக்கெல்லாம் ஒரு பொது குணம் உண்டு. ‘எனக்குக் களைப்பாக இருக்கிறது’, ‘எனக்கு அலுப்பு வந்துவிட்டது’. களைப்பு தானாக வருகிறது, எனக்கு வருகிறது. யார் அனுப்பினார்கள் என்று வாக்கியம் சொல்வதில்லை.

தெருவில் பேசும் தமிழ் இவ்வளவு நாகரிகம் பார்ப்பதில்லை. ‘பெண்டு நிமித்திட்டாங்க’, ‘சக்கையா பிழிஞ்சுட்டாங்க’, ‘தாவு தீத்துட்டாங்க’, ‘டங்குவாரை அறுத்துட்டாங்க’. பெண்டு என்பது பட்டறைச் சொல். சைக்கிள் ரிம் கோணினால் கடைக்காரர் பெண்டு எடுப்பார். டங்குவார் ஜட்கா வண்டிக் காலத்தது. குதிரையின் வயிற்றைச் சுற்றிச் சேணத்தை இறுக்கும் வார் அது. சக்கை கரும்பு ஆலையிலிருந்து வந்தது. உழைப்பவன் கையாண்ட பொருள்களிலிருந்து பிறந்த பேச்சு என்பதால் இவற்றில் செய்தவனும் கூடவே நிற்கிறான். எல்லாம் ‘ஆங்க’ என்று முடிகின்றன. பெயர் சொல்லாவிட்டாலும் அந்த ‘ஆங்க’ யார் என்று கேட்பவருக்குத் தெரியும்.

பெங்களூர்த் தமிழருக்குக் கூடுதலாகக் கன்னடச் சொற்களும் கைவசம். மாலையில் ‘சுஸ்து’ என்று சாய்வார்கள். மனசு சரியில்லை என்றால் ‘பேஜாரு’. இதே பேஜார் சென்னையில் தொல்லை என்ற பொருளில் திரிகிறது. செக்கு மாடு என்று நாம் சொல்வதைக் கன்னடத்தில் ‘காணத எத்து’ என்பார்கள். இரண்டு மொழிக்காரரும் பார்த்தது ஒரே மாட்டைத்தான்.

அலுவலகத்துக்குள் நுழைந்ததும் இந்த அகராதி மாறிவிடுகிறது. ‘எனக்கு பேண்ட்விட்த் இல்லை’ என்கிறார் பொறியாளர். அலைக்கற்றையின் அகலத்தைச் சொல்ல வந்த சொல். ஆள் ‘ரிசோர்ஸ்’, திட்டம் இல்லாமல் இருந்தால் ‘பென்ச்’, தாக்குப்பிடித்தால் ‘ரிசிலியன்ட்’, முடியவில்லை என்றால் ‘பர்ன் அவுட் ஆயிட்டேன்’. கவனியுங்கள், ‘ஆயிட்டேன்’. ‘ஆங்க’ அங்கே காணாமல் போய்விட்டது. எரித்தவர் யார் என்ற கேள்விக்கு இடமில்லாமல் எரிந்தவரே முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொள்கிறார்.

இது வெறும் சொல் விளையாட்டு என்று நினைப்பவர்கள் பெங்களூரிலிருந்து நூறு கிலோமீட்டர் கிழக்கே போய்ப் பார்க்கலாம்.

இளைப்புக்குக் கிடைத்த பெயர்

கோலார் தங்கவயல். ஜான் டெய்லர் கம்பெனி 1880-இல் அங்கே தோண்டத் தொடங்கியது. வட ஆற்காடு, தருமபுரி, சேலம் பக்கங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகத் தமிழர்கள் போனார்கள். பெரும்பாலோர் நிலமற்ற தலித் மக்கள். காவிரியின் சிவசமுத்திரத்தில் உற்பத்தியான மின்சாரம் 1902-இல் முதலில் போய்ச் சேர்ந்தது இந்தச் சுரங்கத்துக்குத்தான். பெங்களூர்த் தெருக்களுக்கு அது வர இன்னும் மூன்று வருடம் ஆயிற்று. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையே சுடும். எப்போது வெடித்துச் சரியும் என்றும் சொல்ல முடியாது.

இளைப்பு என்ற சொல்லைத் தமிழில் மூன்று பொருளில் சொல்கிறோம். களைத்துப் போவது இளைப்பு. உடம்பு மெலிவதும் இளைப்பு. மூச்சு வாங்குவதும் இளைப்பு. நகரத்து மனிதருக்கு இவை மூன்றும் வேறு வேறாக இருக்கலாம். பாறைத் தூசியை வருடக்கணக்கில் சுவாசித்த சுரங்கத் தொழிலாளிக்கு மூன்றும் ஒரே உடம்பில் ஒரே நோயாகக் குடியிருந்தன. சிலிகாத் தூசி நுரையீரலில் தங்கித் தழும்பேறி, கடைசியில் நாலு படி ஏற முடியாமல் செய்துவிடும். மருத்துவ ஏட்டில் அந்த நோய்க்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். இந்தியாவில் அது முதன்முதலாகப் பதிவானது கோலார் சுரங்கத்தில்தான், 1934-இல். 1940-களில் அங்கே 7,653 தொழிலாளர்களைச் சோதித்தபோது நூற்றுக்கு நாற்பத்து மூன்று பேருக்கும் மேல் அது இருந்தது.

வெறும் இளைப்பு என்று இருந்தவரை அது தொழிலாளியின் உடம்புவாகு, அல்லது சாராயம், அல்லது தலைவிதி. சிலிக்கோசிஸ் என்று எழுதியதும் கதை மாறியது. அந்தப் பெயருக்குள் தூசி இருக்கிறது; தூசிக்குப் பின்னால் சுரங்கம் இருக்கிறது; சுரங்கத்துக்கு முதலாளி இருக்கிறார். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் அது ஏறியது. கிடைத்த தொகை போதுமா, எல்லோருக்கும் கிடைத்ததா என்பது வேறு வழக்கு. ஒழுங்காகக் கிடைக்கவில்லை என்பதுதான் இந்திய அனுபவம். ஆனாலும் கேட்க ஒரு சொல் கையில் இருந்தது.

2001 பிப்ரவரி 28 அன்று தங்கவயல் மூடப்பட்டது. சுரங்கத்தில் இறங்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இப்போது விடியுமுன் மாரிக்குப்பத்திலும் பங்காருப்பேட்டையிலும் ரயிலேறிப் பெங்களூருக்கு வருகிறார்கள். கட்டட வேலை, காவல் பணி, அலுவலகப் பராமரிப்பு, கம்ப்யூட்டர் வேலை என்று எல்லாமும் உண்டு. போக வர நாலைந்து மணி நேரம் தண்டவாளத்திலேயே கழிகிறது. அந்த நேரம் எந்தச் சட்டத்தின் வேலை நேரத்திலும் சேராது. நகரத்துக்குள் வாழ்பவருக்கும் சலுகையில்லை: 2022-இல் பத்து கிலோமீட்டர் கடக்க சராசரியாக 29 நிமிடம் 10 நொடி ஆனது என்று டாம்டாம் நிறுவனம் கணக்கிட்டு, நெரிசலில் லண்டனுக்கு அடுத்த இடத்தைப் பெங்களூருக்குக் கொடுத்தது.

ஒசூர் ரோடு

பெங்களூரின் அசதியை ஒரே சாலையில் பார்க்க வேண்டுமென்றால் ஒசூர் ரோடுதான். ஒரு முனையில் மனநல, நரம்பியல் மருத்துவத்துக்குப் பேர்போன நிம்ஹான்ஸ். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற தேசிய மனநல உதவி சேவைக்கு இதுதான் தலைமை மையம். 14416 என்ற எண்ணில் தமிழிலும் பேசலாம். கொஞ்சம் தெற்கே சில்க் போர்டு சந்திப்பு. அதைத் தாண்டினால் பொம்மனஹள்ளி வட்டாரத்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள். மேலே பறக்கும் பாலம், அதன் முடிவில் எலக்ட்ரானிக் சிட்டி. பிறகு அத்திப்பள்ளி, அதற்கப்பால் தமிழ்நாடு.

இதே சாலையை 2016 ஏப்ரல் 18, 19 தேதிகளில் ஆடைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், மறித்து உட்கார்ந்தார்கள். தலைவர் யாரும் இல்லை. வருங்கால வைப்பு நிதியில் முதலாளி செலுத்தும் பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று மத்திய அரசு ஒரு விதியைக் கொண்டுவந்திருந்தது. டெல்லியில் அந்த விதியை எழுதியவருக்கு 58 என்பது இயல்பான ஓய்வு வயது. மணிக்கு இத்தனை ‘பீஸ்’ என்ற டார்கெட்டில் தையல் மெஷினுக்கு முன் குனிந்திருப்பவருக்குத் தன் இடுப்பும் கண்ணும் அதுவரை வராது என்று தெரியும். மகள் கல்யாணத்துக்கோ கடனுக்கோ வேலையை விட்டு எடுக்கும் அந்தப் பணம்தான் தேய்ந்த உடம்புக்குக் கிடைக்கும் ஒரே இழப்பீடு. இரண்டாம் நாளே அரசு விதியைத் திரும்பப் பெற்றது. அசதி என்று ஒரு கோரிக்கைகூட அங்கே எழுந்ததாகப் பதிவில்லை. வைப்பு நிதி என்றுதான் கேட்டார்கள். இந்திய உழைப்பாளி தன் களைப்பைப் பெரும்பாலும் வேறு பெயரில்தான் பேச வேண்டியிருக்கிறது.

இதே சாலையின் எலக்ட்ரானிக் சிட்டிக்காரர்களுக்கோ களைப்பைப் பற்றிப் பிறர் நிறையப் பேசிவிட்டார்கள். நாட்டுக்காக இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி சொன்னார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் 90 மணிக்கு ஏலத்தை ஏற்றினார். ஞாயிற்றுக்கிழமை வேலை வாங்க முடியாததற்கு வருத்தமும் பட்டார். சொந்தக் கம்பெனியை வளர்க்க ஒருவர் இராப்பகலாக உழைப்பதை நான் மதிக்கிறேன். விளைச்சல் அவருடையது. அதே மணிக்கணக்கை மாதச் சம்பளக்காரரிடம் கேட்கும்போது, பங்கு எவ்வளவு என்ற பேச்சையும் கூடவே எடுத்திருக்க வேண்டும்.

இவை வெறும் மேடைப் பேச்சோடு நிற்கவில்லை. 2023 பிப்ரவரியில் கர்நாடகம் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி நாளுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்தது. மூன்று மாதத்துக்கு 75 மணியாக இருந்த ஓவர்டைம் உச்சவரம்பு 144 ஆனது. அதே ஆண்டு ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றமும் ஏறத்தாழ அதே பாதையில் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. மூன்று நாளில் நிறுத்திவைத்து, மே 1 அன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் மு.க.ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். 1923-இல் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடி சரியாக நூறு வருடம் ஆன நாள் அது. கர்நாடகத்தில் அப்படி எந்தப் பூங்காவும் குறுக்கே வரவில்லை.

அடுத்து ஐ.டி.க்காரர்களின் முறை. 1961-ஆம் ஆண்டின் கர்நாடகக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டப்படி நாளுக்கு 9 மணி நேரம், ஓவர்டைம் சேர்த்தால் 10. இதை 14 ஆக்கும் யோசனை 2024 ஜூலையில் வெளியே வந்தது. ‘கிட்டு’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் கர்நாடக மாநில ஐ.டி. ஊழியர் சங்கம் தெருவுக்கு வந்தது. மூன்று ஷிஃப்ட் இரண்டாகச் சுருங்கினால் மூன்றில் ஒரு பங்கினரின் வேலை போகும் என்றது. இந்த யோசனை தொழில்துறையின் நெருக்கடியால்தான் வந்தது என்று தொழிலாளர் அமைச்சர் சந்தோஷ் லாட் வெளிப்படையாகச் சொன்னதைப் பாராட்டத்தான் வேண்டும். யோசனை பின்வாங்கியது. 2025 ஜூனில் 12 மணி நேரமாகச் சுருங்கித் திரும்பவும் வந்தது, இம்முறை ஓவர்டைம் வரம்பை 50-இலிருந்து 144 ஆக்கும் சேர்க்கையோடு. இதற்கிடையே அந்த ஆண்டு மார்ச்சில் ஃப்ரீடம் பார்க்கில் ஓய்வு கேட்டு ஐ.டி. ஊழியர்கள் கூடினார்கள். அந்தப் பூங்கா ஒரு காலத்தில் மத்தியச் சிறை. வேலை நேரத்துக்கு வெளியே மூச்சு விடக் கேட்பதற்குப் பொருத்தமான இடம்தான்.

எரிந்தது என்றால் நோயா?

பர்ன் அவுட் என்ற சொல்லை ஆய்விதழுக்குக் கொண்டுபோனவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற நியூயார்க் உளவியலாளர், 1974-இல். இலவச மருத்துவமனைகளில் மனமுவந்து உழைத்தவர்கள் சில மாதங்களிலேயே உள்ளுக்குள் காலியாகிப் போவதைக் கண்டு எழுதினார். சேவை செய்தவர்களுக்காகப் பிறந்த சொல் இன்று டெட்லைனுக்கும் பொருந்துகிறது, டேட்டிங் ஆப்புக்கும் பொருந்துகிறது. திரும்பத் திரும்பச் சொல்லி மழுங்கிய பேச்சைத் தேய்வழக்கு என்கிறோம். தேய்மானத்தைச் சொல்ல வந்த சொல்லே தேய்வழக்காகிவிட்டது.

2019 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் இதற்கு ஒரு வரையறை கொடுத்தது. வேலையிடத்தில் நாள்பட்டு, சரிவரக் கையாளப்படாத மன அழுத்தத்தின் விளைவு என்றது. இது தொழில்சார்ந்த நிலைதான், நோயல்ல என்றும் கறாராகச் சேர்த்தது. ‘கையாளப்படாத’ என்பதில் யார் கையாளவில்லை? ஊழியரா, மேலாளரா? அங்கேயும் ஆளைக் காணோம். நோயல்ல என்பதால் இழப்பீட்டுப் பட்டியலிலும் இடமில்லை. வேலை நேரத்துக்கும் சாவுக்கும் தொடர்பில்லை என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. அதே நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைத்ததால் 2016-இல் மட்டும் பக்கவாதத்திலும் இதய நோயிலும் 7,45,000 பேர் இறந்தார்கள்.

ஜப்பானியர்கள் வேறு வழியில் போனார்கள். 1969-இல் ஒரு செய்தித்தாளின் அனுப்புகைப் பிரிவில் 29 வயது ஊழியர் பக்கவாதத்தில் இறந்தார். அந்த மாதிரிச் சாவுகளுக்கு அங்கே பிற்பாடு கிடைத்த பெயர் ‘கரோஷி’: மிகை உழைப்புச் சாவு. காரணமும் முடிவும் ஒரே சொல்லில். சாவுக்கு முந்தைய மாதங்களில் மாதத்துக்குச் சராசரியாக 80 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் இருந்தால் வேலைதான் காரணம் என்று அரசே அளவுகோல் வைத்திருக்கிறது. 2014-இல் தடுப்புச் சட்டமும் வந்தது. ஜப்பானில் சாவு நின்றுவிடவில்லை. ஆனால் விதவை அலுவலகப் படியேறி ஒரு படிவத்தை நிரப்ப முடிகிறது. கோலாரில் இளைப்புக்குக் கிடைத்ததும் இப்படி ஒரு பெயர்தான்.

தலையில் சுமப்பவரும் திரையில் சுமப்பவரும்

தமிழ்நாட்டுப் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் நிற்கும். இரண்டு நட்ட கல், மேலே ஒரு படுத்த கல், தோள் உயரத்தில். கர்ப்பிணியாக இறந்துபோன பெண்ணின் நினைவாகக் குடும்பத்தார் நட்டது. இறக்கி வைக்கவும் ஏற்றிவிடவும் இன்னொருவர் கை தேவைப்படாத ஏற்பாடு. சுமக்கிறவனிடம் பொறுமையைப் போதிக்காமல் கல்லை நட்டார்கள். 2025-இல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் டெலிவரி ஊழியர்களுக்கெனக் குளிர்சாதன ஓய்வறை ஒன்றைத் திறந்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. கர்நாடகம் அதே ஆண்டு கிக் தொழிலாளர் நலச் சட்டத்தை இயற்றி, ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் 1 முதல் 5 சதவீதம் நல நிதிக்குப் பிடிக்கலாம் என்றது. அதில் வேலை நேரத்துக்கு உச்சவரம்பு கிடையாது. பதினாலு மணி நேரம் ஆப்பைத் திறந்து வைத்திருப்பவரை மூடச் சொல்ல யாரும் இல்லை.

அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை பதினெட்டு வருடம் துணியால் மூடப்பட்டிருந்து 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. அவர் வலியறிதல் அதிகாரத்தில் மயிற்பீலியை ஏற்றிய வண்டியைப் பற்றிச் சொன்னது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். பீலி இலகுவானதுதானே என்று மேலும் மேலும் ஏற்றுவதில்தான் அச்சு முறிகிறது. ஒரு மீட்டிங், ஒரு சின்ன மெயில், ‘ரெண்டே நிமிஷம்’ ஒரு கால். அந்தக் குறள் அரசனுக்குச் சொன்ன அறிவுரை, அதாவது ஏற்றுகிறவனுக்கு. வண்டிக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டதாக மத்திய அரசு அறிவித்தது. தொழிலாளியின் சம்மதம் இல்லாமல் ஓவர்டைம் வாங்கக் கூடாது, வாங்கினால் இரட்டைச் சம்பளம் என்கிறது அவற்றில் ஒன்று. மேற்பார்வைப் பொறுப்பில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவரோ நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரோ அதன் கணக்கில் ‘தொழிலாளி’ ஆகமாட்டார். மூன்று பேர் கொண்ட குழுவுக்கு ‘லீட்’ என்று பட்டம் வாங்கிய எலக்ட்ரானிக் சிட்டிப் பொறியாளர் எந்தப் பக்கம் என்பதை இனி நீதிமன்றங்கள்தான் சொல்ல வேண்டும். அதுவரை வெள்ளிக்கிழமை மாலை மேலாளர் வந்து ‘கொஞ்சம் பேண்ட்விட்த் இருக்கா?’ என்று கேட்டால், அவர் சொல்லும் ‘ஓகே’வைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வார்கள்.